பக்கம் மாறினால் குறி ஏன் மாறுகிறது? ஒருபடிச் சமன்பாடுகளைப் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இதுதான். பள்ளியை விட்டுப் பல வருடங்கள் கழித்து ஒருவர் மறுபடியும் இயற்கணிதம் படிக்கத் தொடங்கியிருக்கிறார். 3க + 7 = 25 மாதிரியான கணக்குகள் சுலபமாக வந்துவிடுகின்றன. ஆனால் தெரியாத எண் இரண்டு பக்கமும் வந்தாலோ, அடைப்புக்குறியும் மைனஸும் சேர்ந்து வந்தாலோ விடை தப்பிவிடுகிறது. அவர் கொடுத்த உதாரணம்:

4(க − 3) − 2(க − 5) = 3க + 7

அவருக்கு −29 வந்திருக்கிறது, புத்தகத்தின் கடைசிப் பக்கம் −9 என்கிறது. "பக்கம் மாறினால் குறி மாறும் என்ற விதியை ஒழுங்காகத்தானே பின்பற்றினேன், அப்புறம் ஏன் தப்பு?" என்று கேட்கிறார். (புத்தகத்தில் எக்ஸ் என்று இருக்கும், நான் இங்கே க என்று எழுதுகிறேன். எந்த எழுத்தாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்.)

அந்த −29 எப்படி வந்தது என்று போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டேன், கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த விதியைப் பற்றியே பேசியாக வேண்டும். நான் பல வருடங்களாக இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிறேன், தடுமாறுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இந்த ஒரு வாக்கியத்தால்தான்: "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்." வாக்கியம் பொய் இல்லை, ஆனால் அது ஒரு குறுக்குவழி. எந்த வழியைக் குறுக்கியது என்று தெரியாமல் அதில் போகிறவருக்கு, வழி கொஞ்சம் வளைந்தாலே திக்கு தெரியாமல் போகிறது.

சமன்பாடு என்றால் என்ன என்பதிலிருந்து வருவோம். 8 + 4 = □ + 5 என்று எழுதி கட்டத்தில் என்ன வரும் என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், 12 என்று சட்டென்று சொல்கிறவர்கள் நிறையப் பேர். சரியான விடை 7. அவர்களுக்குக் கூட்டத் தெரியாமல் இல்லை. "=" என்றால் "இதோ விடை வருகிறது" என்று சின்ன வயதிலிருந்தே மனதில் பதிந்துவிட்டது, கால்குலேட்டர் பொத்தானும் அதையே சொல்லிக் கொடுக்கிறது. உண்மையில் அந்தக் குறிக்கு ஒரே அர்த்தம்தான்: இடது பக்கம் இருக்கும் எண்ணும் வலது பக்கம் இருக்கும் எண்ணும் ஒரே எண். 1557-இல் ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ் நாட்டுக் கணித அறிஞர் இந்தக் குறியை முதன்முதலில் அச்சில் கொண்டுவந்தபோது, ஒரே நீளமுள்ள இரண்டு இணைகோடுகளை எடுத்துக்கொண்டதற்கு அவர் சொன்ன காரணம், இவற்றைவிடச் சமமான இரண்டு பொருள்கள் இருக்க முடியாது என்பது. குறியின் உருவமே அதன் அர்த்தம்.

அப்படிப் பார்த்தால் 3க + 7 = 25 என்பது ஒரு வாக்கியம். "ஏதோ ஒரு எண், அதை மூன்றால் பெருக்கி ஏழு கூட்டினால் கிடைப்பதும் இருபத்தைந்தும் ஒன்றே" என்கிறது. ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த எண்ணிலிருந்து 7-ஐக் கழித்தால், எந்தப் பெயரைச் சொல்லிக் கழித்தாலும் மிச்சம் ஒன்றுதானே?

3க + 7 − 7 = 25 − 7
3க = 18

இடது பக்கத்தில் +7 காணாமல் போயிற்று, வலது பக்கத்தில் −7 முளைத்தது. அவசரமாகப் பார்க்கிறவருக்கு 7 எழுந்து நடந்து போய்க் குறியை மாற்றிக்கொண்டது போலத் தெரியும். எதுவும் நடந்து போகவில்லை, இரண்டு பக்கமும் ஒரே வேலையைச் செய்தோம். அந்த நடு வரியை எழுதாமல் விட்டதுதான் "குறி மாறும்" என்ற விதி.

இதில் என்ன ஆபத்து என்று கேட்டால், அடுத்த வரியிலேயே இருக்கிறது. 3க = 18. இப்போது 3 அந்தப் பக்கம் போகட்டும், குறி மாறட்டும். க = 18 − 3 = 15. இந்த வரியை நான் எத்தனையோ நோட்டுகளில் பார்த்திருக்கிறேன், எழுதியவர் விதியை அப்படியே பின்பற்றித்தான் எழுதியிருப்பார், அதனால் தப்பு எங்கே என்று அவருக்குத் தெரியவே தெரியாது. 3க என்பதில் 3 கூட்டப்படவில்லை, பெருக்கப்படுகிறது. பெருக்கலைக் கலைக்க வகுக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் 3-ஆல் வகுத்தால் க = 6. "நான் இரண்டு பக்கமும் என்ன செய்கிறேன்" என்று கேட்டுக்கொண்டே எழுதுகிறவருக்கு இந்தத் தப்பு வராது, ஏனென்றால் 3க-விலிருந்து 3-ஐக் கழித்தால் 3க − 3 என்றுதான் நிற்கும், க தனியாக வராது என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

எதை முதலில் கலைப்பது என்றும் பலர் கேட்பார்கள். ஒரு பெட்டியைக் காகிதத்தில் சுற்றி மேலே நூல் கட்டியிருந்தால் முதலில் நூலைத்தான் அவிழ்ப்போம். க-வை முதலில் 3-ஆல் பெருக்கி, பிறகு 7 கூட்டினார்கள். கடைசியாகச் செய்ததை முதலில் கலையுங்கள். இது கட்டாயம் இல்லை, முதலிலேயே 3-ஆல் வகுக்கலாம், க + 7/3 = 25/3 என்று வரும், விடை அதேதான். தேவையில்லாமல் பின்னத்தை வரவழைத்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

சரி, இரண்டு பக்கமும் க வந்தால்? இது ஏதோ புது வகைக் கணக்கு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். 499-இல் ஆரியபட்டர் எழுதிய நூலில் இதற்கு அழகான ஒரு விதி இருக்கிறது. இரண்டு பேரிடம் சமமான செல்வம். ஒவ்வொருவரிடமும் ஒரே விலையுள்ள சில பொருள்களும், கொஞ்சம் காசும் உள்ளன. பொருளின் விலை என்ன? காசுகளின் வித்தியாசத்தைப் பொருள்களின் எண்ணிக்கை வித்தியாசத்தால் வகுக்கச் சொல்கிறார். நானே எண்களைப் போட்டுக் காட்டுகிறேன்: ஒருவரிடம் 7 பொருளும் 20 காசும், இன்னொருவரிடம் 4 பொருளும் 50 காசும்.

7க + 20 = 4க + 50

இருவரும் தங்களிடமிருந்து 4 பொருளைத் தனியே எடுத்து வைத்துவிட்டால் மீதி அப்போதும் சமம்தான், ஒருவரிடம் 3 பொருளும் 20 காசும், இன்னொருவரிடம் 50 காசு மட்டும். இருவரும் 20 காசை எடுத்து வைத்தால் 3 பொருள் = 30 காசு. ஒரு பொருள் 10 காசு. க-வின் மதிப்பு தெரியாமலே 4க-வை இரண்டு பக்கமிருந்தும் கழித்தோம் பாருங்கள், அதுதான் இயற்கணிதத்தின் முழு பலமும். தெரியாத எண்ணாக இருந்தாலும் அது ஒரு எண்தான், எண்ணுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்யலாம்.

எந்தப் பக்கத்தில் க-வைச் சேர்ப்பது என்பது உங்கள் இஷ்டம். மைனஸில் தடுமாறுகிறவர்களுக்கு நான் சொல்வது, க-வின் கெழு, அதாவது க-வைப் பெருக்கி நிற்கும் எண், எந்தப் பக்கம் பெரியதோ அங்கே சேருங்கள் என்பது. அப்படிச் செய்தால் க-வுக்கு முன்னால் மைனஸ் வராது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். தப்பு பக்கம் மாற்றியதில் நடக்கவில்லை, அதற்கு முன்பே, அடைப்புக்குறியைப் பிரித்தபோதே நடந்துவிட்டது. 4(க − 3) என்பதை 4க − 12 என்று சரியாகப் பிரித்திருப்பீர்கள். அடுத்து −2(க − 5) என்பதை −2க − 10 என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படி எழுதினால்தான் −29 வரும். அங்கே +10 வர வேண்டும்.

"மைனஸும் மைனஸும் சேர்ந்தால் ப்ளஸ்" என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை, அதுவும் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்யும் இன்னொரு விதியாகிவிடும். எண்ணில் பாருங்கள். 100 − (30 − 5) எவ்வளவு? அடைப்புக்குறிக்குள் 25, ஆக 75. இதையே பிரித்துச் செய்தால், 100-லிருந்து முழு 30-ஐயும் எடுத்துவிட்டோம், 70 ஆயிற்று. ஆனால் எடுக்க வேண்டியது 25-தானே, 5 அதிகமாக எடுத்துவிட்டோம், அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 70 + 5 = 75. திருப்பிக் கொடுக்காமல் இன்னொரு 5-ஐயும் பிடுங்கினால் 65, அது தப்பு. உங்கள் கணக்கில் (க − 5) என்பதை இரண்டு முறை எடுக்கிறோம், ஒவ்வொரு முறையும் 5 திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அதனால் +10.

4க − 12 − 2க + 10 = 3க + 7
2க − 2 = 3க + 7

வலது பக்கம் க அதிகம், அதனால் இரண்டு பக்கமும் 2க-வைக் கழிப்போம்: −2 = க + 7. இரண்டு பக்கமும் 7-ஐக் கழித்தால் −9 = க. க வலது பக்கம் இருக்கிறதே என்று திருப்பி எழுதக்கூட வேண்டாம், −9-உம் க-வும் ஒன்று என்றால் க-வும் −9-உம் ஒன்றுதான்.

இனி நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்த பிறகுதான் உங்கள் விடை தப்பு என்று உங்களுக்குத் தெரிந்தது. சமன்பாட்டுக்கு அது தேவையே இல்லை. −29-ஐக் கொண்டுபோய் முதல் வரியில் க இருக்கும் இடத்தில் வையுங்கள். இடது பக்கம் 4 × (−32) − 2 × (−34), அதாவது −128 + 68 = −60. வலது பக்கம் −87 + 7 = −80. ஒத்துப்போகவில்லை. −9-ஐ வையுங்கள்: இடது பக்கம் −48 + 28 = −20, வலது பக்கம் −27 + 7 = −20. ஒத்துப்போகிறது. அரை நிமிட வேலை. பிரதியிடும்போது முதல் வரியில், கேள்வியில் இருந்தபடியே உள்ள வரியில்தான் பிரதியிட வேண்டும். நடுவில் நீங்கள் எழுதிய வரியில் வைத்துப் பார்த்தால், அதற்கு முன்னால் செய்த தப்பு வெளியே வராது, −29 கூட அங்கே சரியாக இருப்பது போலத்தான் தெரியும்.

மைனஸைப் பற்றி இன்னொரு வார்த்தை. 7 − 2க = 15 என்று ஒரு கணக்கு. இரண்டு பக்கமும் 7-ஐக் கழித்ததும் 2க = 8 என்று எழுதி, க = 4 என்று முடிக்கிறவர்கள் நிறைய. முன்னால் இருந்த 7 போனதும் நடுவில் இருந்த மைனஸும் அதோடு போய்விட்டதாக நினைத்துவிடுகிறார்கள். குறி எப்போதும் தனக்குப் பின்னால் வரும் உறுப்புக்குச் சொந்தம். −2க = 8, க = −4. அதேபோல் −க = 9 என்று வந்தால் அங்கேயே நின்றுவிடாதீர்கள், நமக்கு வேண்டியது க, அதன் எதிரெண் இல்லை. இரண்டு பக்கமும் −1-ஆல் பெருக்கினால் க = −9.

பின்னங்கள். இவற்றைப் பார்த்தவுடன் பலருக்குக் கை நடுங்கும், ஆனால் முதல் அடியிலேயே பின்னங்களை ஒழித்துவிடலாம்:

(க + 1)/2 − (க − 2)/3 = 3

2, 3 இரண்டுக்கும் மீச்சிறு பொது மடங்கு 6. இரண்டு பக்கத்தையும் 6-ஆல் பெருக்குங்கள்.

3(க + 1) − 2(க − 2) = 18
3க + 3 − 2க + 4 = 18
க + 7 = 18
க = 11

சரிபார்த்தால் 12/2 − 9/3 = 6 − 3 = 3. இதில் இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, வலது பக்கம் இருக்கும் 3-ஐப் பெருக்க மறந்துவிடுவது, அங்கே பின்னம் இல்லையே என்று கை தாண்டிவிடும். அப்படி விட்டால் க + 7 = 3, க = −4 என்று வந்து நிற்கும். பெருக்குவது பின்னங்களை மட்டும் இல்லை, முழுப் பக்கத்தையும். இன்னொன்று, பின்னக் கோடே ஒரு அடைப்புக்குறி என்பதை மறப்பது. (க − 2)/3 என்பதன் முன்னால் மைனஸ் இருந்தால் அது க-வுக்கும் 2-க்கும் சேர்த்துத்தான். அதனால் பெருக்கியவுடன் அடைப்புக்குறியோடு ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்த வரியில் பிரியுங்கள். ஒரு வரி மிச்சப்படுத்தி மதிப்பெண்ணை இழப்பதில் லாபம் இல்லை.

பின்னம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கி.மு. 1550 வாக்கில் அஹ்மெஸ் என்ற எகிப்திய எழுத்தர் படியெடுத்த பாப்பிரஸ் சுருளில் இப்படி ஒரு கணக்கு: ஒரு அளவும் அதன் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19. நாம் க + க/7 = 19 என்று எழுதி 7-ஆல் பெருக்கி 8க = 133, க = 133/8 என்று முடித்துவிடுவோம், அதாவது 16-உம் எட்டில் ஐந்து பங்கும். அவர்களிடம் குறியீடு கிடையாது. விடை 7 என்று சும்மா வைத்துக்கொண்டு போட்டார்கள், 7-உம் 1-உம் 8 வருகிறது. வேண்டியது 19, ஆக 8-ஐ 19 ஆக்க எவ்வளவு மடங்கு வேண்டுமோ அதே மடங்கு 7-ஐயும் பெருக்கினார்கள். மாறிலி தனியாக ஒட்டிக்கொண்டிராத கணக்குக்கு இது அருமையாக வேலை செய்யும், +7 போல ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் இதே முறை அப்படியே ஓடாது. இயற்கணிதம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லான அல்ஜீப்ரா, 820 வாக்கில் பாக்தாதில் அல்-குவாரிஸ்மி என்ற கணித அறிஞர் எழுதிய நூலின் பெயரில் இருக்கும் அல்-ஜபர் என்பதிலிருந்து வந்தது. அதற்கு மீட்டுச் சரிசெய்தல் என்று பொருள், ஒரு பக்கம் கழிக்கப்பட்டு நிற்பதை இரண்டு பக்கமும் கூட்டி நிறைவாக்குவதை அவர் அப்படி அழைத்தார். நீங்கள் மனப்பாடம் செய்த "பக்கம் மாறினால் குறி மாறும்" அதுவேதான்.

சில சமயம் க மொத்தமாகக் காணாமல் போகும். 2(க + 3) = 2க + 5 என்பதைப் பிரித்து 2க-வைக் கழித்தால் 6 = 5 என்று மிஞ்சும். கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று அழிக்க வேண்டாம், எந்த எண்ணை வைத்தாலும் இந்த வாக்கியம் உண்மையாகாது என்று அர்த்தம், தீர்வு இல்லை. வலது பக்கம் 2க + 6 என்று இருந்திருந்தால் 6 = 6 என்று வரும், எந்த எண்ணை வைத்தாலும் உண்மை, அதை முற்றொருமை என்பார்கள். இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்று 5க = 2க. இரண்டு பக்கமும் க-ஆல் வகுத்து 5 = 2, ஆகவே தீர்வு இல்லை என்று எழுதுகிறார்கள். க பூஜ்யமாக இருக்கலாமே, பூஜ்யத்தால் வகுக்க முடியாதே! 2க-வைக் கழியுங்கள், 3க = 0, க = 0. கூட்டுவது, கழிப்பது எதையும் செய்யலாம், ஆனால் வகுக்கும் முன் வகுப்பது பூஜ்யமில்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும்.

வாக்கியக் கணக்குகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அங்கேதான் வந்து நிற்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். தமிழில் படிக்கும்போது சொற்கள் வரும் வரிசையை நம்பாதீர்கள், வேற்றுமை உருபைப் பாருங்கள். "5-ஐ ஒரு எண்ணிலிருந்து கழித்தால்" என்பதில் 5 முதலில் வருகிறது, ஆனால் எழுத வேண்டியது க − 5. "இலிருந்து" எதில் ஒட்டியிருக்கிறதோ அதுதான் கழித்தலில் முதலில் நிற்கும். "விட அதிகம்" என்று வந்தால், "விட" எதோடு ஒட்டியிருக்கிறதோ அதோடுதான் கூட்ட வேண்டும். மாணவர் எண்ணிக்கை ஆசிரியர் எண்ணிக்கையைப் போல் 6 மடங்கு என்றால், நன்றாகப் படிக்கிறவர்கள்கூட மாணவருக்குப் பக்கத்தில் 6-ஐப் போட்டுவிடுவார்கள். ஆசிரியர் 10 என்று வைத்துப் பாருங்கள், மாணவர் 60, எந்தப் பக்கம் 6-ஆல் பெருக்கினால் சமமாகும் என்று தெரிந்துவிடும்.

வயதுக் கணக்கு ஒன்று. அம்மா மகளைவிட 24 வயது மூத்தவர், இன்னும் 6 வருடத்தில் அம்மாவின் வயது மகளின் வயதைப் போல் இரண்டு மடங்கு. முதலில் "க = மகளின் இன்றைய வயது" என்று எழுதுங்கள், "க = மகள்" என்று எழுதக் கூடாது, மகள் ஒரு எண் இல்லை. "இன்றைய" என்ற சொல்லும் முக்கியம், அது இல்லாமல் போனால் 6-ஐ ஒருவருக்குக் கூட்டி இன்னொருவருக்கு விட்டுவிடுவோம். அம்மா இன்று க + 24. 6 வருடம் கழித்து அம்மா க + 30, மகள் க + 6.

க + 30 = 2(க + 6)

இதிலிருந்து க = 18, அம்மாவுக்கு 42. இங்கே சரிபார்ப்பதைச் சமன்பாட்டில் செய்யாமல் கேள்வியில் செய்யுங்கள், ஏனென்றால் சமன்பாட்டையே தப்பாக எழுதியிருந்தால் அது தன்னைத் தானே சரி என்றுதான் சொல்லும். 6 வருடம் கழித்து 48, 24. இரண்டு மடங்கு, சரி.

போட்டுப் பார்க்க மூன்று கணக்கு தருகிறேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இரண்டு பக்கமும் என்ன செய்தீர்கள் என்று சின்னதாக எழுதிக்கொண்டே போடுங்கள், ஒரு வாரம் அப்படிச் செய்தால் பிறகு எழுதத் தேவைப்படாது.

5 − 3(க − 2) = 2(8 − க)

(2க − 1)/5 − (க − 3)/2 = 1

3(2க − 5) − 6க = −15

மூன்றில் ஒன்றுக்கு விடை ஒற்றை எண்ணாக வராது. மற்ற இரண்டின் விடையை நான் சொல்லப் போவதில்லை, முதல் வரியில் வைத்துப் பார்த்தால் சரியா இல்லையா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ஒத்துப்போகாமல் எங்காவது நின்றுவிட்டால், விடையை மட்டும் எழுதாமல் நீங்கள் போட்ட எல்லா வரிகளையும் அப்படியே எழுதிக் கேளுங்கள், எந்த வரியில் தப்பியது என்று பார்த்துச் சொல்கிறேன்.